கண்ணாடியை நேராக வைத்தவள்

கோட்டையூர்
12.6.1999

அன்புள்ள சத்தியா,

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா? உட்கார இடம் கிடைத்ததா, இல்லை உன் சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்து எழும்பூர் வரை போனாயா? உன்னை வழியனுப்ப வந்தவள், அம்மை போட்ட வீட்டுக்காரி என்பதால் ஸ்டேஷன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உன் அப்பாவும் அங்கிருந்தே தலையாட்டினார். கத்திச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இதில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இன்னும் இறங்கவில்லை. முதுகு முழுக்க முத்து. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம். "மாதா ஒண்ணும் கோச்சுக்கிறமாட்டாக, நீ கட்டுடி" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். எட்டாம் தேதி காலையில் அவள் கழுத்தில் முதல் முத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்குத் தனியாக ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சென்னைக் கம்பெனி வேலைக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறது, நாளைக்கு மறுநாள் ரயில், அப்போதுதானா வர வேண்டும்?

சரி, போகட்டும். வியாழக்கிழமை நம் கம்ப்யூட்டர் விளையாட்டை நீ அவர்களுக்குக் காட்டும்போது அறையில் டியூப்லைட்டை அணைக்கச் சொல். இல்லாவிட்டால் விளக்கு சிமிட்டுவதும் கண்ணாடி சிமிட்டுவதும் சேர்ந்து கண்றாவியாக இருக்கும். யாரும் திரைக்கு இரண்டடிக்குள் உட்காரக் கூடாது. பேச்சை நீட்டாதே. "இந்தக் கண்ணாடியின் இரண்டு சில்லும் மாறி மாறி இருட்டாகும். வலது சில்லு திறக்கும்போது திரையில் வலது கண்ணுக்கான படம், இடது சில்லு திறக்கும்போது இடது கண்ணுக்கான படம். இரண்டையும் மூளை சேர்த்துக்கொள்வதால் பொருள் திரையை விட்டு வெளியே வந்து நிற்கும்" என்று மட்டும் சொல். பிறகு விளையாட்டை ஓடவிட்டு நகர்ந்து நில். கொத்தமங்கலத்து வீட்டின் வாசலில் நின்றால் கொல்லை வரை ஏழு கதவும் ஒரே கோட்டில் தெரிவதைப் பார்த்தபின் அவர்களுக்கு யார் பேச்சும் தேவைப்படாது. நீயும் நானும் டேப் பிடித்து அளந்த வீடு அல்லவா! அந்த வீட்டுச் சாவியை வைத்திருக்கும் வீரலட்சுமி அக்காவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இந்தா வளையம், இந்தா வளையம்" என்று கதவு வளையத்துக்குப் பதில் காற்றைப் பிடித்தாளே.

கடைசியாக ஒன்று. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் இடது கண்ணைப் பற்றி அங்கே மூச்சு விடாதே. பார்வைக்கு நல்ல கண் மாதிரிதான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்பது அப்பா, அம்மா, அண்ணன், மதுரை டாக்டர், அப்புறம் நீ, இவ்வளவு பேரோடு நிற்கட்டும். இரண்டு கண்ணுக்கான விளையாட்டை ஒற்றைக் கண்ணி செய்தாள் என்றால் எவன் நம்புவான்?

கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு இடது கண்ணுக்கான படத்தையும் என் வலது கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்வேன். அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். உங்கள் வீட்டு மாடி அறைக்கு யாராவது வருகிற சத்தம் கேட்டால், நீ அதைச் சத்தமில்லாமல் நேராகத் திருப்பி வைப்பாய். மார்ச்சிலிருந்து ஒரு நாள்கூட மறக்கவில்லை. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இன்றைக்கு நன்றி சொல்கிறேன், வாங்கிக்கொள்.

உன்
பெனி


அம்பத்தூர், சென்னை
20.6.1999

அன்புள்ள பெனி,

ஜெயித்தாயிற்று! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டியூப்லைட்டை அணைத்தேன், நீ சொன்ன மாதிரியே பேசினேன், கொஞ்சம் உளறினேன். ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் பெயர் மாயக்கண்ணன். ஆள் பார்க்க ரொம்பக் கறார். மூன்றாம் கதவு தாண்டும்போது தலை இடிக்கும் என்று நாற்காலியிலேயே குனிந்தார் பெனி! மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார்.

இங்கே ஒரு ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்ணுக்கு முன்னால் இரண்டு குட்டித் திரை. நீ தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். மேலே பார்த்தால் உத்தரம், கீழே பார்த்தால் தரை. மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன், கழுத்து ஒடிந்துவிட்டது. நம் ஏழு கதவு வீட்டை இன்னும் பெரிதாக்கி, இந்த ஹெல்மெட்டுக்குள் போட்டு, தைப்பொங்கலுக்குப் பொருட்காட்சியில் கடை போடப் போகிறார்களாம். டிக்கெட் வாங்கி ஜனங்கள் நம் வீட்டுக்குள் நடப்பார்கள்.

ஒன்றாம் தேதியிலிருந்து என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா மூன்று மாசம் பார்க்கத்தான். உனக்குத் தனியாக எழுதுவார்கள். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவசரப்படுகிறோம் என்று நினைப்பார்கள் இல்லையா.

நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்தேன். அதையெல்லாம் எதற்குக் கடிதத்தில் எழுதுகிறாய், எனக்குத் தெரியாதா?

இங்கே தண்ணீர்தான் கஷ்டம். சித்தி இரண்டு குடத்துக்கு மேல் தொடவிடுவதில்லை. அம்மாவை நான் கேட்டதாகச் சொல். கண்ணாடி பத்திரமாக இருக்கிறது.

சத்தியா


கோட்டையூர்
3.7.1999

அன்புள்ள சத்தியா,

அம்மாவுக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. முகத்தில் இரண்டு வடுதான். வேப்பிலையை எடுத்துவிட்டோம். நான் காரைக்குடிக்குப் போய் ஒரு தோள்பை வாங்கிவந்தேன். நீலம். உள்ளே ஒரு அறை, கண்ணாடி வைக்கிற அளவில்.

கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் திரும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே உதட்டைப் பிதுக்கிவிடுகிறார். மூன்று முறை எஸ்.டி.டி. பூத்தில் நின்று உன் சித்தி வீட்டுக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். இரண்டு குடத் தண்ணீரில் இவ்வளவு குளியலா?

அப்பா நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். "அவுக ஒரு தாள் அனுப்பட்டும், போயிட்டு வா. தாள் வரலைன்னா இங்குட்டுத்தான். பி.எட். ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன். அப்பறம் மறுபேச்சு இருக்கக் கூடாது." முப்பத்தொன்றாம் தேதி வரை கெடு. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அருள்சாமி ஒரு கெடு வைத்தால் அது கெடுதான், உனக்குத் தெரியும்.

எனக்கு வாத்தியார் வேலை மேல் ஒரு வெறுப்பும் இல்லை. ஆனால் இருபத்தொரு வயதில் நான் கட்டிய வீட்டுக்குள் ஜனங்கள் நடக்கப்போகிறார்கள், நான் இங்கே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மாயக்கண்ணன் சாரிடம் ஒரு வார்த்தை கேள். அவசரப்படுகிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும், நான் அவசரப்படத்தான் செய்கிறேன்.

பெனி


கோட்டையூர்
14.7.1999

சத்தியா,

தாள் வந்தது.

நேற்று மத்தியானம். அம்மாவைப் பார்க்கத் தேவகோட்டை அத்தையும் அவள் மகள் ரீனாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கிற பழக்கம். பிள்ளையைப் பற்றிய கடிதம், இங்கிலீஷில் வேறு இருக்கிறது, தங்கை வேறு உட்கார்ந்திருக்கிறாள், விடுவாரா? ஒவ்வொரு வரியாக வாசித்து, அத்தைக்காகத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தார். என் திறமையைப் பாராட்டி ஒரு வரி. கொத்தமங்கலத்து வீட்டைப் பாராட்டி ஒரு வரி. அப்பா குரல் ஏறிக்கொண்டே போனது. அதே வேகத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "தங்களுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை என்பதால், இரு கண் ஆழக்காட்சிப் பணிக்குத் தங்களை எடுத்துக்கொள்ள முடியாததற்கு வருந்துகிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார்.

அத்தைதான் முதலில் பேசினாள். "ஏண்ணே, புள்ளைக்கு ஒரு கண்ணு தெரியாதா? இம்புட்டு நாளும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?" அம்மா உள்ளே போய்விட்டாள். ரீனா என் முகத்துக்கு எதிரே வந்து, இரண்டு கண்ணில் எது என்று பார்த்தாள். சின்னப்பிள்ளை இல்லை, பத்தொன்பது வயது. அத்தை காபியைத் தொடாமல் நாலு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். இன்று காலையில் பால் ஊற்றுகிறவள் என்னிடம், "எந்தக் கண்ணும்மா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டுக்குள் இருந்த பேச்சு, பன்னிரண்டு மணி நேரத்தில் தெருவுக்குப் போய்விட்டது.

அப்பா சொல்லியிருக்க மாட்டார். அம்மா சொல்லியிருக்க மாட்டாள். மதுரை டாக்டர் செத்து நாலு வருஷமாகிறது. அண்ணனுக்கு அந்தக் கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. மிச்சம் நீ.

யார் கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்? எந்த வார்த்தையில் சொன்னாய்? வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது.

பெனிட்டா


அம்பத்தூர்
25.7.1999

அன்புள்ள பெனி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வீட்டில் எல்லார் முன்னாலும் அப்படி ஆகும் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை.

வாய் தவறி வந்துவிட்டது பெனி. அன்றைக்குக் காட்டி முடித்ததும், ஆழம் இவ்வளவு சரியாக இருக்கிறதே, யார் பார்த்துச் சரிசெய்தது என்று மாயக்கண்ணன் சார் கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். ஏன், அந்தப் பெண் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஐந்து பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். என்ன சொல்வது? உண்மை வந்துவிட்டது. நீ கூட வந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? நீயே பேசியிருப்பாய். நான் தனியாக மாட்டிக்கொண்டேன். எப்படியும் வேலையில் சேரும்போது கண் பரிசோதனை உண்டு. அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் அவமானம் இல்லையா?

நீயும் என்னை ஒன்றும் குறைவாக ஏமாற்றவில்லை. எட்டு மாசம் "எப்படி இருக்கு, வெளியே நிக்குதா, உள்ளே போகுதா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். மார்ச்சில் நான் தண்ணீர்ச் செம்போடு மாடிக்கு வந்தபோதுதான், கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எட்டு மாசமாக நான் உன் கைத்தடி. அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று என்றைக்காவது கேட்டாயா?

சரி, சண்டை வேண்டாம். இப்போது இதைக் கேட்பது தப்பு என்று தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன். வீட்டைப் பெரிதாக்கியிருக்கிறோம். கூடம், மாடி, அடுப்படி எல்லாம் நானே ஆழம் வைத்தேன். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் வாந்தியே எடுத்துவிட்டார். பழைய ஏழு கதவில் மட்டும் யாருக்கும் ஒன்றும் செய்வதில்லை.

உன்னுடைய பென்சில் நோட்டு வேண்டும். தெருவில் எல்லாரையும் உட்காரவைத்து, வளையம் எங்கே நிற்கிறது என்று பென்சில் நுனியால் காற்றில் காட்டச் சொல்லி, திரையிலிருந்து டேப் வைத்து அளந்து எழுதுவாயே, அந்த நோட்டு. நகல் எடுத்து அனுப்பினால் போதும். நம் இரண்டு பேர் உழைப்புதானே அது.

உன்
சத்தியா


கோட்டையூர்
4.8.1999

சத்தியப்பிரியா,

கம்பெனி விலாசத்தைப் போட்டு அண்ணனுக்கு எழுதினேன். அந்தோணி பிரபு உன்னையும் என்னையும் போல இல்லை, நேரே கம்பெனிக்குப் போய்விட்டான். சென்னை ரிச்சித் தெருவில் அலைந்து எனக்கு அந்தக் கண்ணாடியை வாங்கித் தந்தவன் என்ற உரிமையில், என் தங்கைக்கு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறான். மாயக்கண்ணன் சார் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. உட்காரச் சொல்லி, கோப்பை எடுத்துக் காட்டினாராம்.

கோப்பில் உன் கையெழுத்தில் ஒரு கடிதம். "பெனிட்டாவுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. ஆழம் தொடர்பான எல்லாப் பரிசோதனையும் நான் செய்தது. அவர் கணக்குப் போட்டு உதவினார்." உதவினேனாம்!

மேலே இடம், உங்கள் ஊர், மானகிரி. தேதி, ஜூன் ஏழு.

அம்மாவுக்கு அம்மை போட்டது எட்டாம் தேதி. நீ ரயில் ஏறியது பத்தாம் தேதி. ஐந்து பேர் உன் முகத்தைப் பார்த்தார்கள் என்கிறாயே, அது பதினேழாம் தேதி. வாய் தவறியது என்றால் பத்து நாள் முன்னால் மானகிரியில் உட்கார்ந்து, மை பேனாவால், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமலா தவறும்? நீ கூட வந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாய். நான் வந்திருந்தால் என்ன செய்வதாக இருந்தாய்? என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, அவர்கள் என்னை வெளியே அனுப்பும்போது அழுதிருப்பாயா?

அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உனக்காக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில் நகரும்வரை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வேலை போனது இரண்டாவது.

கண்ணை மறைத்தேன், உண்மை. உன்னிடம் மட்டும் இல்லை, உலகத்திடமே மறைத்தேன். ஒன்பது வயதில் டாக்டர் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன நாளிலிருந்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து உட்காருகிறவள் நான். மார்ச்சில் உனக்குத் தெரிந்தபோது நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடியை நேராக வைத்தாய். அதை நான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

பி.எட். ஃபாரத்தை அனுப்பியாயிற்று. உடற்குறை என்ற கட்டத்தில் அப்பாவே தன் கையால் எழுதினார். இனி எழுதினால் என்ன.

நோட்டைப் பற்றி யோசிக்கிறேன்.

பெனிட்டா


அம்பத்தூர்
13.8.1999

பெனி,

பொய் சொன்னேன். இந்தக் கடிதத்தில் சொல்ல மாட்டேன்.

கம்பெனியின் முதல் கடிதம் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் போன் இருக்கிறது என்று நீதான் என் விலாசத்தைப் போடச் சொன்னாய். ஜூன் ஐந்து. இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான். இடம் ஒன்றுதான், இருவரும் வாருங்கள், ஒருவரைத் தேர்ந்தெடுப்போம் என்று இருந்தது. அந்த வரியை உனக்கு நான் சொல்லவில்லை.

அன்றைக்கே சாயங்காலம் எங்கள் அத்தை தாம்பாளத்தோடு வந்தாள். தன் மகன் மருதுவுக்கு என்னைக் கேட்டு. உனக்கு மருதுவைத் தெரியும். கெட்டவன் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அதுக்கென்ன, வித்துப்புடலாம்" என்றான். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு மெட்ராசுல வேலை கெடச்சா பாப்பம், இல்லாட்டி ஆவணியில வச்சுக்கிருவோம்" என்றார். எனக்கு இருந்த ஒரே கதவு அது.

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரை எடுப்பார்கள்? கணக்கு உன்னுடையது, புரோகிராம் முக்கால்வாசி உன்னுடையது. பேச வேண்டிய பேச்சையே நீ எழுதித்தந்தாய். உன்னை ஜெயிக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் இரண்டாவது கண். இரண்டு நாள் யோசித்தேன். ஏழாம் தேதி எழுதிக் கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. இதை நீ நம்ப வேண்டாம்.

மறுநாள் உன் அம்மாவுக்கு அம்மை என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் நோட்டைக் கேட்கிறேன். ஹெல்மெட் விஷயம் இன்னும் சரியாகவில்லை. "ஆழம் எல்லாம் நீதானே பார்த்ததாக எழுதினாய், இப்போது ஏன் வரவில்லை?" என்று சார் தினமும் கேட்கிறார். இந்த மாசக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அத்தை ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

எனக்குக் கொடுக்காதே என்று உன் மனசு சொல்லும். அது நியாயம்தான்.

சத்தியா


கோட்டையூர்
22.8.1999

சத்தியப்பிரியா,

நோட்டு இதோடு வருகிறது. நகல் இல்லை, நோட்டே. இங்கே அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கம்ப்யூட்டர் மானகிரியில் உங்கள் மாடி அறையில் இருக்கிறது, அறை பூட்டியிருக்கிறது.

முப்பத்தொரு பேர் கணக்கு இருக்கிறது. உன் அம்மா, அப்பா, மருது, வீரலட்சுமி அக்கா, உங்கள் தெருவில் நாம் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்த அத்தனை பேரும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரே, ஒவ்வொரு கதவு வளையத்தையும் பென்சில் எங்கே காட்டியது என்று சென்டிமீட்டரில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, அதற்கு ஏற்ற மாதிரி புரோகிராமில் இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். புதிய அறைகளுக்கும் இதே மாதிரி ஆட்களை உட்காரவை. அவர்களை மட்டும் நம்பு.

முதல் பெயர் உன்னுடையது. அந்த வரி முழுக்கச் சிவப்பு மையில் அடித்திருப்பதைப் பார்த்து, ஆத்திரத்தில் இப்போது அடித்தேன் என்று நினைக்காதே. போன டிசம்பரில் அடித்தது.

மூன்றாம் கதவு வளையத்துக்கு ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வளையம் திரையிலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர் வெளியே வரும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் அது பதினைந்தில்தான் நின்றது. உன் அம்மா பென்சிலைப் பதினாலில் பிடித்தார். மருது பதினாறில். வீரலட்சுமி அக்கா சரியாகப் பதினைந்தில். நீ மட்டும் இருபத்திரண்டில் பிடித்தாய். நீ வளையத்தைப் பார்க்கவில்லை சத்தியா, நோட்டைப் பார்த்தாய்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லாக் கதவுக்கும் அப்படியே. நான் என்ன விடை எழுதி வைத்திருந்தேனோ அதிலேயே உன் பென்சில் நின்றிருந்தது. உன்னிடம் கேட்கவில்லை. என் கணக்கு சரியாக வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று செய்கிறாள், பைத்தியக்காரி, என்று நினைத்துக்கொண்டேன். உன் வரியை அடித்துவிட்டு, மறுநாளும் உங்கள் வீட்டுக்கு வந்து உன் அம்மா சுட்ட பணியாரத்தை உன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றேன். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்ட முட்டாள் நான்தான்.

ஆழம் எல்லாம் நீ பார்த்ததாக எழுதிக் கொடுத்தாய். அந்த வீட்டில் நீ பார்த்த ஆழம் ஒரு விரற்கடைகூட இல்லை. முப்பது பேர் பார்த்தார்கள், நான் கணக்குப் போட்டேன். நோட்டை அப்படியே மாயக்கண்ணன் சாரிடம் காட்டுகிறாயா, உன் வரியையும் என் பெயரையும் விட்டுவிட்டுப் பெயர்த்து எழுதுகிறாயா, அது உன் பாடு. நான் அண்ணனை அனுப்பிச் சரிபார்க்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்து அழுது வைக்காதே. இதை அனுப்பாவிட்டால் உனக்கு வேலை போகும், நீ மானகிரிக்கு வருவாய். ஏதாவது ஒரு நாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மருதுவோடு நின்று, "பெனி, நல்லா இருக்கியா?" என்று கேட்பாய். கூட நாலு பேர் இருப்பார்கள், நானும் சிரித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னால் அது முடியாது. அதனால்தான் அனுப்புகிறேன். நீ அங்கேயே இரு.

அந்தக் கண்ணாடி என் அண்ணன் எனக்கு வாங்கித் தந்தது. அதை மட்டும் பார்சலில் அனுப்பிவிடு. எப்படி வேண்டுமானாலும் வைத்துக் கட்டு. இனிமேல் எனக்காக யாரும் அதை நேராகத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அ. பெனிட்டா